ஐந்துக்குக் குறைந்தால்

யூனியன் பிளேஸ், நாலாம் மாடி.
ஒக்டோபர் மழை. ஏசி பெட்டியடியில் வாளி வைத்திருக்கிறோம்.
நூற்றுப்பதினேழு கம்பனிகளின் சம்பளங்களைப்
பெயர் கழற்றி, இலக்கம் மாட்டி
நிரல்களில் இறக்குகிறேன்.

கணக்காளர் நாற்பத்தொரு பேர்.
சின்னதிலிருந்து பெரிதாக நிறுத்தினால்
இருபத்தோராவது ஆள்தான் இடையம்.
ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.
வெள்ளவத்தைக் கிளை, ஒன்பது வருஷம்.
வேறொன்றும் தெரியாது எனக்கு.
இன்றிரவு நூறாம் நம்பர் பஸ்ஸின்
மிதிபலகையில் ஒற்றைக் காலோடு போகையில்
எல்லாருக்கும் நடு அவர்தான் என்று
யாரும் அவருக்குச் சொல்லப்போவதில்லை.

இடை வேறு.
கடைசி ஆள் பதினாலு லட்சம் எடுக்கிறார்.
அவரையும் கூட்டிப் பிரித்தால்
மற்ற நாற்பது பேரும் சட்டென்று உயர்கிறார்கள்,
கடதாசியில்.
அறிக்கை வாங்க வந்த இம்தியாஸ் சிரித்தார்:
ஆள் எடுக்கும் விளம்பரத்துக்கு இடையைத் தாங்கோ மிஸ்,
சம்பள உயர்வுக் கூட்டத்துக்கு இடையம் போதும்.
இரண்டும் பொய்யில்லை.
அதுதான் தொல்லை.

பள்ளிக்கூடத்தில் மூன்றாவதும் ஒன்று படித்தோமே,
அதிகம் பேர் வாங்குகிற தொகை:
ஆகாரம்.
பெயர் வைத்தவர் பசி அறிந்தவராக இருக்கவேண்டும்.
எண்பத்தையாயிரம், ஏழு பேர்.
அதற்கு அறிக்கையில் பக்கமில்லை.

அடிக்குறிப்பு மட்டும் நான் எழுதியது:
ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவுகளில்
தொகை காட்டப்படாது, நட்சத்திரக் குறி இடப்படும்.
ஆள் அடையாளம் பிடிபடக் கூடாதல்லவா.

தரவு ஆய்வு, சிரேஷ்ட தரம், ஆண்: பதினொருவர்.
இடையம், காலணை, எல்லாம் ஒழுங்காக வருகிறது.
அதே தரம், பெண்: மூவர்.
ஒரு நட்சத்திரம்.

அந்த மூன்று தொகையும் நான் பார்த்தேன்.
பதினொருவரின் அடியில் நிற்பவரும்
எங்களுக்கு மேலேதான் நிற்கிறார்.
வெளியே சொல்லமாட்டேன் என்று
வேலைக்குச் சேர்ந்த நாளே கையெழுத்து வைத்தாயிற்று.
எங்களைக் காக்கிற குறிதான்.
எங்களைக் காப்பதற்காகவே
வித்தியாசத்தையும் மூடிக்கொண்டு கிடக்கிறது.

எங்களை என்று எழுதுகிறேன்.
மூன்றில் ஒன்று நான்.

வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டிக் கோயிலில்
மூன்று அர்ச்சனைத் துண்டு எடுத்தேன்.
பெயர், நட்சத்திரம்? ஐயர் கேட்டார்.
வினோதரஞ்சனி, விசாகம்.
மற்றது இரண்டும்?
பெயர் தெரியாது ஐயா,
நட்சத்திரம் மட்டும்தான் இருக்கு.
என்ன நட்சத்திரம்?

குடைத்தண்ணி சொட்டச் சொட்ட
பின்னால் வரிசை நீண்டிருந்தது.