எட்டாம் எண், இடது

கப்பல் வந்த மறுநாள்
என் கடையில் இரண்டே கேள்விகள்:
அரிசி இறங்கியதா?
சர்க்கரை இருக்கிறதா?

இருக்கிறது.
பின்சுவர் ஓரம், எறும்புக்குப் பயந்து
பலகைமேல் ஏற்றிய ஏழு மூட்டை.
தராவாவில் நிலம் என்பது ஒரு பாயின் அகலம்,
இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் பெருங்கடல்.
பபாய்க் கிழங்குக் குழிகளில் உப்பு ஏறிய வருடம்
கூடுதலாக நாற்பது மூட்டை அரிசி விற்றேன்.
வருத்தப்பட்டேன்; விற்கவும் செய்தேன்.
எங்கள் கடலில் பிடிபட்ட சூரைமீன்
எங்கோ போய்த் தகர டப்பிக்குள் படுத்துத்
திரும்பி வருகிறது, விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு.

செருப்பும் விற்கிறேன். ரப்பர், நீலப் பட்டை.
போன வருடம் தெபுரே பெஞ்சில் உட்கார்ந்து
ஒன்று போதும் என்றான்.
சிரித்தேன். அவன்
சுற்றியிருந்த துணியை விலக்கினான்.

குத்தியதே தெரியவில்லையாம்:
பவழத் துண்டோ, சிப்பிச் சில்லோ.
கால் மரத்துப்போய் ஈராண்டு.
ஈ மொய்த்தபோதுதான் குனிந்து பார்த்திருக்கிறான்.
பெரியாஸ்பத்திரியில் முதலில் விரல்,
பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே.
தவணை முறையில், என்றான்,
உன் கடன் மாதிரி.

வலது செருப்பைப் பாதி விலைக்குக் கொடுத்தேன்.
அதன் ஜோடி ஆணியில் தொங்கியது, மூன்று மாதம்.
பிறகு கொப்பரை எடை போடும் பாவோரோ வந்தான்,
அக்குளில் ஊன்றுகோலோடு.
எட்டாம் எண்; இடதுதான் வேண்டும்.
இப்போது இருவரும் சேர்ந்து ஒரு ஜோடி வாங்குகிறார்கள்.
நிறத்துக்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.
தெருவே சிரிக்கிறது. நானும்தான்.

ஒரு ராத்திரி கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
தெபுரே: சர்க்கரை நாலு, அரிசி பத்து, மாட்டிறைச்சி டின் மூன்று.
தெபுரே: சர்க்கரை நாலு.
தெபுரே: சர்க்கரை ஒன்பது, மகளுக்கு ஞானஸ்நானம்.
தெபுரே: செருப்பு, ஒன்று.
என் கையெழுத்துதான்.
முத்து முத்தாக இருக்கிறது.

பரிசோதனை வேன் வந்தபோது
கடையைப் பூட்டாமலே வரிசையில் நின்றேன்.
விரல்நுனியில் ஒரு குத்து.
நர்ஸ் பெண், பாவோரோவின் மருமகள், எனக்கும் பாக்கி வைத்திருப்பவள்,
கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
சர்க்கரை இருக்கிறது, என்றாள்.

இத்தனை வருடம் நான் சொன்ன பதிலை
முதல்முறையாக எனக்கு ஒருத்தி சொன்னாள்.

மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், வரம்பில் நிற்கிறாய்;
நட, இனிப்பைக் குறை, சோற்றைக் குறை,
தினமும் பாதத்தைப் பார்.
இவ்வளவுதானா?
இவ்வளவுதான். தெபுரேயிடமும் சொல்லியிருப்போம்
வந்திருந்தால், என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
அப்போது இந்த வேன் இல்லை, என்றாள்.

மூட்டைகளைக் கடலில் கொட்டிவிடவில்லை நான்.
கொட்டினால் அடுத்த கடைக்காரன் சந்தோஷப்படுவான்,
சர்க்கரைக்குக் கால் முளைத்து அங்கே நடக்கும்.
அளவு டப்பாவைச் சிறிதாக்கினேன்.
அதற்கே இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.
பெஞ்சுக்குக் கீழே ஒரு கண்ணாடியைச்
சாய்த்து வைத்தேன்.
கடன் எழுதும்வரை காலைத் தூக்கி
உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.
பார்க்காதவருக்குக் கடன் இல்லை.
கிழவர்கள் கூச்சப்படுகிறார்கள்.
பிள்ளைகள் கண்ணாடிக்கு நாக்கை நீட்டுகிறார்கள்.
நேற்று ஒருத்தி, வயது முப்பதுகூட இருக்காது,
குனிந்தவள் நிமிரவே இல்லை.
சாமானை அப்படியே விட்டுவிட்டு
ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.
அவள் சர்க்கரைப் பொட்டலம் இன்னும் மேசைமேல்.

விடியற்காலை கடல்பாலத்தில் நடக்கிறேன்.
மினிபஸ்கள் வேகம் குறைத்துக் கேட்கின்றன,
வண்டியைத் தவறவிட்டாயா?
கையை ஆட்டிப் போகச் சொல்கிறேன்.
இரண்டு செருப்பும் தேய்கின்றன.
ஒரே அளவில்.
தேயட்டும்.