பதினாறாம் வாய்ப்பாடு

மஹ்பூலாவில் எங்கள் அறைக்கு
ஒரு ஜன்னல், ஒரு குழாய்,
நாலு இரும்புக் கட்டிலில்
மேலும் கீழுமாய் எட்டு உடம்பு.
ஜனவரி வந்தால் இந்த ஊரும் குளிரும்.
விரலளவு திறந்தாலும் எலும்புக்குள் ஊசி என்று
இளவழுதி ஜன்னலைச் சாத்துவான்.
சாத்தினால்
ஒருவன் விட்ட மூச்சை அடுத்தவன் எடுத்துக்கொள்வான்,
பீடி வாங்குவதுபோல,
ஆனால் கேட்காமல்.

போன குளிருக்கு ஒரு தும்மல் நுழைந்து
எட்டுப் பேரையும் வரிசையாய்ச் சாய்த்தது.
பதினோரு நாள் யாருக்கும் வாசனை தெரியவில்லை.
தில் பகதூர் ஆற வைத்த கட்டன் சாயாவை
ரசமென்று சோற்றில் ஊற்றிப் பிசைந்தவன் நான்.

இந்த வருஷம் முதலில் தலையணைகளைத் திருப்பினோம்.
பக்கத்துக் கட்டிலின் தலைமாட்டுக்கு நேரே
என் கால்மாடு.
ஆறு வருஷம் முகம் பார்த்துத் தூங்கிய முகைதீன் பிச்சையை
இப்போது குதிகால் வெடிப்பில் தெரிந்துகொள்கிறேன்.
கனவில் யாரையோ உதைக்கிறான்.
யாரென்று நான் கேட்கவில்லை.

கை கழுவ இருபது விநாடி என்று
கிளினிக் சுவரில் படம்.
வாட்ச்சைக் கழற்றிவிட்டல்லவா கழுவ வேண்டும்?
தொபியாஸ் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்வான்,
விரலிடுக்குக்காக இன்னொன்று.
முகைதீன் பிச்சை ஒளுச் செய்து பழகிய கை,
அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
எனக்கு ஜெபமும் தெரியாது, மந்திரமும் தெரியாது.
பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன்.
ஏழில் எப்போதும் தடுக்குவேன்.
பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டு.
இந்த நாட்டில் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் எண்ணும் அதுதான்.
நினைவு வருவதற்குள்
நுரை மணிக்கட்டுவரை ஏறியிருக்கும்.

கழுவிய கையோடு
விடிகாலை கேட்டில் நிற்கும் கருவியில்
கட்டைவிரலை வைக்க வேண்டும்.
எனக்கு முன்னால் முந்நூறு கட்டைவிரல்.
அந்தக் கண்ணாடிச் சதுரத்தில்
நேபாளமும் சில்ஹெட்டும் ராமநாதபுரமும்
ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிக் கிடக்கும்.
அதன்பிறகு முகத்தைத் தொடாதே என்கிறது படம்.
பஸ்ஸில் கண் அரிக்கும்.
அப்போதுதான் தெரியும்,
ஒரு மனிதன் தன் முகத்தை
எத்தனை தடவை ஆறுதலுக்காகத் தொடுகிறான் என்று.

பதினான்காம் தேதி தொபியாஸ் இருமினான்.
முழங்கை மடிப்பில் வாயைப் புதைத்து
திருட்டுப் பொருளை ஒளிப்பவன்போல இருமினான்.
தெர்மாமீட்டரைக் கட்டிலோரம் வைத்துவிட்டு
விலகி நின்றோம்.
நூற்றி இரண்டு.
நாலரை மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.
படு என்றேன்.
"படுத்தா நாலு தினார் இருநூறு போவும்லா."

ஏழால் வகுத்தது இளவழுதி.
தலைக்கு அறுநூறு பில்ஸ், ஒரு நாளைக்கு.
இதைக் கருணை என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
ஷொஃபிகுல் முனகிக்கொண்டே கொடுத்தான்.
நான் பயத்தில் கொடுத்தேன்,
பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் என்னுடையது.
ஜன்னலோரக் கட்டிலை அவனுக்கு விட்டோம்.
அவன் டம்ளருக்குச் சிவப்பு நூல் கட்டினோம்.
மூன்று நாள் கூரையைப் பார்த்துக் கிடந்தான்
இத்தனை வருஷத்தில் முதல்முறையாக.
கூரையில் ஒரு கறை இருக்கிறதாம்,
அவன் ஊர்த் துறைமுகம் மாதிரி.

நாலாம் நாள்
"யாருடே மத்தி பொரிக்கது?" என்று எழுந்து உட்கார்ந்தான்.
நானூறு மீட்டர் தள்ளி எவனோ பொரித்தான்.

நேற்று இரவு எனக்கொரு தும்மல்.
முழங்கைக்குள் விட்டேன்.
தூசி என்றேன் இருட்டிடம்.
இருட்டு நம்பவில்லை.
ஒரு கட்டில் கிறீச்சிட்டது.
காதுவரை கம்பளி சுற்றிய இளவழுதி
தாழ்ப்பாளை நெம்பி
ஜன்னலை ஒரு சாண் திறந்தான்.
"உனக்கும் அறுநூறுதான். படு."
கடலும் டீசலும் கலந்த குளிர் உள்ளே வந்தது.
பதினாறெட்டு எவ்வளவு என்று
நெடுநேரம் யோசித்துக் கிடந்தேன்.