மிச்சம்

கொருக்குப்பேட்டை ஐந்தாவது சந்து முனையில்
இரண்டு கம்பத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது
எங்கள் டிரான்ஸ்பார்மர்.
அடியில் ஒரு மீன்பாடி வண்டி,
வெளுத்த கட்சிக்கொடி, ஒரு நாய்.

ம்ம்ம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.
மின்சாரத்தின் சத்தம் என்பார்கள். இல்லை.
உள்ளே இருக்கும் இரும்பு
நீள்கிறது, குறுகுகிறது,
நொடிக்கு நூறு தடவை.
ஒவ்வொரு தடவையும்
ஒரு மயிரிழைத் தடிமனில் நூறில் ஒரு பங்கு.
அதைக் கேட்டுக்கொண்டேதான்
இந்தச் சந்து தூங்குகிறது.

எனக்குத் தெரியும், ஏனென்றால்
மாதவரத்தில் ஒரு தகட்டுக் கம்பெனியில்
அந்த மாதிரி இரும்புக்கு நான்தான் மார்க் போடுகிறேன்.
சிலிக்கான் கலந்த தகடு, அட்டை போல மெல்லியது.
பட்டைகளாக வெட்டி
சதுரச் சட்டத்துக்குள் அடுக்கி
மின்சாரத்தை ஏற்றுவேன், இறக்குவேன்.
திரையில் ஒரு வளையம் வரும்,
மெலிந்த வேப்பிலை மாதிரி.
ஏறின வழியில் இரும்பு இறங்காது.
மின்சாரம் பூஜ்யத்துக்கு வந்த பிறகும்
கொஞ்சம் காந்தத்தைக் கையில் வைத்திருக்கும்.
'மிச்சம்' என்று அதற்கு
என் ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் உண்டு.

புயல் இரவு பதினொன்று இருபதுக்கு
ம்ம்ம் நின்றது.
குழந்தைகள் எழுந்து அழுதன.
சத்தம் இல்லாததில் சந்தே விழித்துக்கொண்டது.
இடுப்பளவு தண்ணீர். கேட் அருகே ஒரு சரக்கு ரயில்
மூன்று நாள் அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் ராத்திரிதான்
பக்கத்து வீட்டு ரெஜினாவின் கணவர்
ஆரோக்கியம் வந்தார்,
நான்கு வருஷம் கழித்து,
தலையில் பெட்டி, முழங்கால் வரை எண்ணெய்த் தண்ணீர்.
எங்கள் சுவர் ஒரு செங்கல் தடிமன்.
எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.
எங்கே போனாய் என்று அவள் கேட்கவில்லை.
"அப்ப உங்கம்மாவாண்ட
அந்தப் பத்தாயிரத்த நான் குடுக்கலன்ற?"
என்றாள்.
நான்கு வருஷத்துக்கு முன்
இதற்கு முந்தைய வாக்கியத்தில்தான்
அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதே நேரம் முனையில்
லைன்மேன் எத்திராஜுலு கைப்பிடியைத் தள்ளினார்.
ஓர் உறுமல். நீல வெளிச்சம். படார்.
மூன்று ஃப்யூஸில் நடுவிலது போயிற்று.
"இன்னாய்யா, ஃப்யூஸா போட்ட, தீபாவளியா?"
மாடியிலிருந்து யாரோ.
"தண்ணி பூந்துருக்கும்பா."

தண்ணீர் இல்லை.
பதினொன்று இருபதுக்கு
எந்தப் பக்கம் சாய்ந்து நின்றதோ
அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது இரும்பு,
மூன்று நாளும்.
வருகிற மின்சாரமும் அதே பக்கம் தள்ளினால்
நிரம்பிவிடும், தாங்காது,
வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும்.
எதிர்ப்பக்கம் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது.
கைப்பிடி விழுகிற நொடியின்
நூறில் ஒரு பங்கில் இருக்கிறது எல்லாம்.
எத்திராஜுலு பார்த்துத் தள்ள முடியாது,
யாராலும் முடியாது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால், உன் கம்பெனி இரும்புதானா என்பார்கள்.

இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. ம்ம்ம்.
பல்புகள். ஒரு விசில். குழந்தைகள் தூங்கின.

சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை.

ஒரு பட்டையை மறுபடி அளக்கும் முன்
பழைய மிச்சத்தை அழிக்க வேண்டும்.
சட்டென்று நிறுத்தினால் அழியாது.
இந்தப் பக்கம் முழுசாகத் தள்ளி,
அந்தப் பக்கம் முழுசாகத் தள்ளி,
பிறகு கொஞ்சம் குறைத்து,
இன்னும் கொஞ்சம் குறைத்து.
நடுவில் விட்டால் போச்சு, முதலிலிருந்து.
அப்படியும் எந்தப் பட்டையும்
எனக்கு முழுப் பூஜ்யம் காட்டியதில்லை,
கடைசி இலக்கம் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அவள் கத்தினாள். அவர் கத்தினார்.
பத்தாயிரம். உங்கம்மா. உங்கண்ணன். மூக்குத்தி.
அவள், கொஞ்சம் குறைவாக.
அவர், அதைவிட.
இருட்டில் விரலால் பாயில்
வளையம் வரைந்துகொண்டிருந்தேன்,
சிறிசு, அதைவிடச் சிறிசு,
பாதியில் நிறுத்திடாதீங்க
பாதியில் நிறுத்திடாதீங்க என்று.

நாலு மணிக்கு
சரக்கு ரயில் ஒரு இழுப்பு இழுத்து நகர்ந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
தரையில் ஒரு டம்ளர் வைக்கிற சத்தம்.
"சக்கர இல்ல" என்றாள்.