முக்கால் வட்டம்

பங்குனி பதினெட்டு.
ஊற்றுக் குழாயின் கீழே பத்து லிட்டர் வாளி.
நாற்பத்தொரு நொடி.
போன வருசம் இதே நாள் முப்பத்தாறு.
நோட்டில் குறித்துவிட்டு
பெயின்ட் டப்பாக்களைத் தூக்கிக்கொள்கிறேன்.

சிவப்பு என்றால் சாயும்.
வெள்ளை என்றால் நிற்கும்.
கொளகூர்ச் சரிவில் இன்று
எனக்கு இரண்டே சொற்கள்.

நெருக்கியடித்து நிற்கும் சில்வர் ஓக்குகளுக்குச்
சிவப்பு வைக்கையில் கை தயங்குவதில்லை,
மிளகுக்கொடி ஏறியதை மட்டும் விட்டுவிடுகிறேன்.
அடியில், ஆறு வருசமாக
முழங்கால் உயரத்தைத் தாண்டாத ஒரு மருது.
அதற்குக் கொஞ்சம் வானம் வேண்டும்.

தோதகத்தியிடம் வந்ததும்
செவ்வாய்பேட்டைத் தரகர் லோகு
கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்க்கிறார்.
அந்தப் பிடியில் அன்பே இல்லை
என்று சொல்லமாட்டேன்.
"உள்ள கறுப்பு ஓடியிருக்கும்மா.
பர்மிட்டெல்லாம் நான் பாத்துக்கறேன்.
பொண்ணுக்கு ரெண்டு வருசக் காலேஜ் பீஸு."
கணக்கு சரிதான்.
சரியாக இருப்பதால்தான் பதில் வரவில்லை.
நிறம் வைக்காமல் மேலே ஏறினேன்.

பட்டுப்போன வேங்கை.
"இதையாச்சும் வெறகுக்கு?" என்று சடையன்
கோடரியின் பின்புறத்தால் தட்டினான்.
உள்ளிருந்து ஒரு சீறல்.
மரங்கொத்திக் குஞ்சோ, பாம்போ,
இரண்டு பேருமே எட்டிப் பார்க்கவில்லை.
பட்டை உதிர்ந்த இடத்தில் வெள்ளை வைத்தேன்.
"செத்த மரத்துக்குப் பட்டா எழுதிட்டீங்க,"
சிரித்தான்.

ஊற்றுக்கண் அருகே சருகு முழங்கால்வரை.
காலால் ஒதுக்கினால்
அடியில் இன்னும் மார்கழியின் ஈரம்.
காட்டுமாடு மிதித்த குளம்படிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கை நீர்,
அதில் தலைப்பிரட்டைகள்.
இங்கே எதையும் வெட்டுவதில்லை,
விழுந்ததை எடுப்பதுமில்லை.
அதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை,
சடையன் கோடரியைத்
தோளிலிருந்து இறக்கவே இல்லை.

இருட்டும்போது கீழே
சேலம் விளக்கு விளக்காக விழித்தது.
அங்கே எந்தத் தெருவிலோ
குழாயடியில் குடம் வைத்து
ஒருத்தி நொடிகளை எண்ணிக்கொண்டிருப்பாள்,
இந்தச் சரிவின் பெயர் தெரியாமல்.

லோகு ஜீப்பில் ஏறிவிட்டார்.
இறங்கும் வழியில் தோதகத்தி,
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக.
டப்பாவின் அடியைச் சுரண்டினேன்.
ஒரு வட்டத்துக்குப் பெயின்ட் போதவில்லை.
முக்கால் வட்டம்.

மீதியை
மகளிடம் பேசிவிட்டு
நாளைக் காலை.