பதினொன்றாம் இடம்

கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது.
அறைக்குள் பதினான்கு பேர்,
ஆறிப்போன பீட்சா நான்கு பெட்டி,
சுவர் முழுக்கக் காந்தப் பட்டைகளில் பையன்களின் பெயர்கள்.
வெளியே ஈரி ஏரியின் மேல்
ஏப்ரல் கடைசியிலும் பனித்தூறல்.

எங்கள் முறை பதினொன்று.
என் பையன் இன்னும் சுவரில் இருந்தான்.

என் பையன் என்று சொல்லக்கூடாதுதான்.
அவனுக்கு என் பெயர்கூடத் தெரியாது.
இரண்டு வருடத்தில் ஒன்பது முறை
லூசியானாவின் கரும்புக் காட்டுச் சாலைகளில்
வாடகைக் கார் ஓட்டிப்போய் அவனைப் பார்த்தேன்.
இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன்.
பந்தைத் தொடவே மாட்டான்;
பந்து வைத்திருப்பவனைத் தொட வருகிறவர்களை
வழியிலேயே நிறுத்துவது அவன் வேலை.
லெமார் தெரியோ.
நூற்று நாற்பது கிலோ, பூனைக் கால்கள்
என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

போன் அடித்தது. மேற்கே ஓர் அணி.
உங்கள் பதினொன்றைத் தாருங்கள்,
எங்கள் இருபத்திரண்டு,
இரண்டாம் சுற்றில் ஐம்பத்து நான்கு,
அடுத்த வருட மூன்றாம் சுற்றில் ஒன்று.

யூரி பெல்ஸ்கி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.
"அறுபது புள்ளி நமக்கு மிச்சம்."
குரலில் சந்தோஷம் இல்லை,
சில்லறையை எண்ணிவைத்தவன் குரல்.
"யாரையும் நாம் நினைக்கிற அளவுக்கு
நமக்குத் தெரியாது.
இந்த அட்டவணை சொல்வது அவ்வளவுதான்."

நோரீன் டக்வொர்த் அட்டவணையைப் பார்க்கவில்லை.
"ரோலி, இருபத்திரண்டு வரை இருப்பானா?"
"இருக்க மாட்டான்."
"அப்படியானால் இப்போதே எடுக்கட்டுமா?"

மூன்று நிமிடம் நாற்பது.
மூலையில் குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது.

போன நவம்பர், ஆட்டம் முடிந்த இரவு,
திபடோ ஊர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்.
அண்ணனின் லாரியிலிருந்து அவன் இறங்கினான்,
கதவைப் பிடித்தபடி, முதுகைக் காட்டி,
ஏணியில் இறங்குவதுபோல்,
வலது காலை முதலில் ஊன்றி,
இடதைப் பிறகு,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தான்.
பிறகு சாதாரணமாக நடந்து போய்
வறுத்த நிலக்கடலை வாங்கினான்.

நான் அதை எழுதவில்லை.
மருத்துவர்கள் மூட்டைப் படமெடுத்துச் சரி என்றார்கள்.
ஒரு இரவு, ஒரு லாரி, ஒரு படி.
எழுதியிருந்தால்
அது அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டு
முப்பத்திரண்டு அறைகளுக்கும் போயிருக்கும்.

"ரோலி?"

"நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்" என்றேன்.

ஒன்பது பயணம் முடித்துவந்தவன்
சொல்லக்கூடிய வாக்கியமா அது!
நோரீன் என்னைப் பார்த்தாள்,
நான் பையன்களைப் பார்க்கிற மாதிரி:
வாயை விட்டுவிட்டு, எடை எந்தக் காலில் என்று.
பிறகு போனைக் கையில் எடுத்தாள்.
"சரி. பதினொன்று உங்களுக்கு."

மேற்கத்திய அணி
பந்து எறிகிற ஒருவனை எடுத்தது.
தெரியோவை இரண்டு இடம் தள்ளி வேறு யாரோ.
தொலைக்காட்சியில் அவன் வீட்டுக் கூடம்,
கடுகு நிறச் சட்டையில் அம்மா,
சோபா கொள்ளாமல் உறவினர்கள்.
எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் முழங்காலைப் பார்த்தேன்.

கையை எங்கும் ஊன்றாமல்
ஒரே வீச்சில் எழுந்தான்.

யூரி என் தோளைத் தொடவில்லை, நல்லவன்.
பீட்சாப் பெட்டி ஒன்றை என் பக்கம் நகர்த்தினான்.

நள்ளிரவில் பட்டைகளை மாற்றி ஒட்டினோம்.
அடுத்த வருட மூன்றாம் சுற்றுக்கு
பெயர் எழுதாத வெள்ளைப் பட்டை ஒன்று.
இந்நேரம் எங்கோ ஒரு விடுதியில்
துணி துவைக்கக் காசு தேடிக்கொண்டிருப்பான்.
நாங்கள் அவனை வாங்கிவிட்டோம்.
லாரியிலிருந்து எந்தக் காலை முதலில் வைத்து
இறங்குகிறான் என்று
இன்னும் யாரும் பார்க்கவில்லை.