சாயம்

முதலில் அது ரோஜா நிறம்.
யாரும் நம்புவதில்லை.
நிக்கொதேமோவும் நம்பாமல் பந்தயம் கட்டி
ஒரு குப்பி வைன் தோற்றான்.

பள்ளிக்கூடத்துப் பையன்கள்
சாலையோர பெஞ்சில் கூடி
லத்தீன் பாடத்திலிருந்து ஒரு சொல்லைக் கிள்ளியெடுத்து
யுவென்டஸ் என்று வைத்தார்களாம்.
இளமை என்று பொருள்.
மலிவுத் துணி, மட்டச் சாயம்.
துவைக்கத் துவைக்க ரோஜா வெளிறி
இன்ன நிறமென்று சொல்ல முடியாமல் போனது.
புதுச் சட்டை கேட்டு இங்கிலாந்துக்கு எழுதினார்கள்.
மூட்டையைப் பிரித்தால்
கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாய்
வேறொரு ஊர்க் குழுவின் சட்டை.
போட்டுக்கொண்டார்கள்.

நாற்பது வருடம் டூரின் சலவைக்கடையில் நின்றவள் நான்.
ஒரு கொடி வெளுப்பில் பிறந்தது என்றால்
எனக்கு ஆச்சரியமில்லை.

அறுபத்து மூன்றில் வந்தோம்,
தெற்கிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில்.
கயிறு கட்டிய அட்டைப்பெட்டி,
அதில் பாதி காய்ந்த மிளகாய்.
தெற்கத்தியாருக்கு வீடு இல்லை என்று
கதவில் பலகை தொங்கியது.
எனக்கு அப்போது எழுத்து தெரியாது.
நிக்கொதேமோ படித்துவிட்டு
"ஏதோ சோப்பு விளம்பரம், எர்சிலியா" என்றான்.

கிடைத்த வீட்டின் சொந்தக்காரர் மெரூன் சட்டைக்காரர்.
இந்த ஊரிலேயே பிறந்தவர்களில் பலர் அந்தப் பக்கம்.
எங்கள் மலைக் கிராமத்தில் குழு கிடையாது.
மதுக்கடையில் ஒரு வானொலி இருந்தது,
அதில் இந்தப் பெயர் வந்தது,
அவ்வளவுதான் உறவு.

கார்க் கதவுக்குக் கீல் பூட்டும் வேலை அவனுக்கு.
அறுபத்தொன்பது வேலைநிறுத்தத்தில்
வெள்ளிக்கிழமை "முதலாளி ஒழிக" என்று கத்திக் கம்மிய தொண்டை
ஞாயிற்றுக்கிழமை
அதே முதலாளியின் பதினொரு பேருக்காக
மிச்சமும் கிழியும்.
"வெட்கமாயில்லை?"
"கதவை அவன் எடுத்துக்கொள்கிறான்.
இதை நான் எடுத்துக்கொள்கிறேன்."

பெயர் இளமை,
செல்லமாய்க் கூப்பிடுவது முதிய சீமாட்டி.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை.
கோப்பைகளை மட்டும்
எல்லோரும் ஒரே மாதிரி எண்ணுகிறார்கள்.

எண்பத்தைந்து மே. பிரசல்ஸ்.
பேருந்து பிடித்துப் போயிருந்தான்.
நெரிசல், சுவர் சரிந்தது.
முப்பத்தொன்பது பேர்.
அதற்குப் பிறகும் ஆட்டம் நடந்தது.
ஒரே கோல், நாங்கள் ஜெயித்தோம்.
கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஓடுவதை
தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நான் மனைவியா விதவையா என்று தெரியாமல்.

இரண்டு நாள் கழித்து வந்தான்.
தோள்பட்டையில் கிழிசல்,
யாரோ பிடித்து இழுத்த கை.
யாருடையது என்று அவன் சொல்லவில்லை.
அந்தச் சட்டையை மட்டும்
இன்றுவரை நான் தண்ணீரில் போட்டதில்லை.

பிறகு இரண்டாயிரத்து ஆறு.
நடுவர்களைப் பற்றிய தொலைபேசிப் பேச்சுகள்
செய்தித்தாளில் பக்கம் பக்கமாய்.
பட்டங்களைப் பிடுங்கி
இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள்.
வீட்டுக்காரரின் மகன் மாடிப்படியில் நின்று
"சாயம் வெளுத்ததா?" என்று கேட்டான்.
வெளுத்ததெல்லாம் பால் என்றிருந்தவன் என் கணவன்.
பன்னிரண்டு நாள் பேசவில்லை.
ரொட்டி வேண்டுமா என்றால் தலையசைப்பு.

செப்டம்பரில் திடீரென்று
அலமாரியைக் குடைந்து பட்டைச் சட்டையை எடுத்தான்.
ரிமினியில் முதல் ஆட்டம்.
கடற்கரை ஊர், சின்ன மைதானம்.
"கீழே விழுந்ததைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?"
"விழும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டாமா?"
என்று சொல்லிவிட்டு
சாக்ஸைத் தேடப் போய்விட்டான்.

ஒன்றுக்கு ஒன்று.
காற்சட்டைப் பையில் மணலும்
வெள்ளைப் பட்டையில் தக்காளிச் சாறுமாய்த் திரும்பினான்.
குளிர்ந்த தண்ணீர், உட்பக்கம் வெளியே, உப்பு ஒரு பிடி.
சுடுநீர் பட்டால் கறுப்பு இறங்கி
வெள்ளையைக் கெடுத்துவிடும்.

தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றான்.
"மெதுவாக," என்றான்.
நாற்பது வருடத் தொழில் என்னுடையது.
"மெதுவாக, எர்சிலியா."