இணைப்பு நான்கு, அட்டவணை இரண்டு

பெர்ன் நகரில் மூன்றாம் மாடிக் கந்தோரில்
முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் வீதியொன்றை
மேசையில் விரித்து வைத்திருக்கிறேன்.
ஒரு முனையில் தேநீர்க் கோப்பை,
மறுமுனையில் சிம்லேகோட்.
இடையில் நாற்பத்தொரு கொண்டையூசி வளைவுகள்,
ஆறு பாலங்கள்,
மழைக்கு மழை சரிகிற ஒரு மலைச்சரிவு.
செலவு பதினொரு மில்லியன் பிராங்.
அதில் என் சதமும் உண்டு,
வரி கட்டுகிறேன்.

பொருத்தம், பயன், சிக்கனம், தாக்கம், நிலைப்பு.
ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை புள்ளி.
இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆறுதான் உச்சம்.
ஜேர்மனியில் படித்த டெட்லெஃப்
தன் வழக்கப்படி பாலங்களுக்கு ஒன்று போட்டுவிட்டார்,
மிகச் சிறப்பு என்று.
ஒரு வாரம் முழுக்க
ஆறு பாலங்களும் காகிதத்தில் இடிந்து கிடந்தன.

நவம்பரில் பதினேழு நாள் அங்கே இருந்தேன்.
தார் தடிப்பை அளந்தேன்.
தாங்கு மதில்களைச் சுத்தியலால் தட்டினேன்,
கல் கல்லென்றே பதில் சொல்லிற்று.
உப்பு பாதி விலைக்கு இறங்கியிருந்தது.
ஆப்பிள் அழுகாமல் சந்தைக்குப் போகிறது.
இவை பொய்யில்லை,
இவற்றுக்காக ஐந்து போட்டேன்,
இன்றைக்கும் ஐந்துதான் போடுவேன்.

பிறகு ஏழு நாள், ஒன்பதாம் கிலோமீற்றர் மதகில்,
பூர்ண ரோகாயாவும் நானும்.
கையில் இரண்டு எண்ணுகருவிகள்.
ஏறுகிறவருக்கு ஒரு 'டிக்',
இறங்குகிறவருக்கு ஒரு 'டிக்'.
ஜீப்பின் கூரையில் இருந்தவர்களையும் விடவில்லை.
ஏறியோர் நானூற்றுப் பன்னிரண்டு.
இறங்கியோர் அறுநூற்று ஐம்பத்தைந்து.

ரெகுலா எஷ்லிமன் என் அறிக்கையைச் சரிபார்ப்பவர்.
நல்ல மனுசி. இடம் மாறிய ஒரு காற்புள்ளியால்
நாற்பதாயிரம் பிராங்கைக் காப்பாற்றியவர்.
ஓரத்தில் பச்சை மையால் எழுதியிருந்தார்:
"இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும்.
கூட்டல் பிழையா?"

சேறு காய்ந்த குறிப்பேட்டை எடுத்து
திரும்ப எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
அறுநூற்று ஐம்பத்தைந்து.
கூரைகளில் கண்டவையும் அதில் எழுதியிருந்தேன்:
தகரப் பெட்டிகள், சுருட்டிய ரஜாய்,
துணி சுற்றிய தொலைக்காட்சி,
ஒருமுறை, ஒரு கதவு.
சட்டத்தோடு பெயர்த்த கதவு.
அதற்கு அட்டவணையில் நிரல் இல்லை.

பதினான்காம் கேள்வி: வீதியால் நன்மை உண்டா?
ஆம். இல்லை. தெரியாது.
தன்சரா புடா மூன்றையும் சொல்லவில்லை.
"ஆம்புலன்ஸ் இப்போது தேநீர்க் கடை வரை வருகிறது.
வீட்டிலிருந்து கடைக்கு
ஒருத்தியைத் தூக்கிப்போக நாலு தோள் வேணும்.
இந்த வட்டாரத்தில் தோள் எத்தனை என்று
நீங்களே எண்ணிப் பாருங்கள்,
எண்ணத்தானே வந்திருக்கிறீர்கள்."
மொழிபெயர்ப்பாளர் சற்று யோசித்து
'ஆம்' என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

பச்சை மைக்குக் கீழே எழுதினேன்: பிழையில்லை.
ரெகுலா என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"அப்படியானால் இருநூற்று நாற்பத்து மூன்று பேரை
எந்தத் தலைப்பில் போடுவது?
தாக்கமா, நிலைப்பா?"
எனக்கும் தெரியவில்லை.

ஏழாம் இலக்க ட்ராமில் வீடு திரும்பினேன்.
ட்ராமின் கதவுக்கு மேலே ஒரு கறுப்புக் கண்
ஏறுகிறவரையும் இறங்குகிறவரையும் எண்ணுகிறது.
இரவுக்குள் கணக்குச் சரியாகிவிடும்,
இங்கே போனவர்கள் திரும்பி வருகிறார்கள்.
பும்ப்ளிட்ஸில் எங்கள் தெருவை மறுபடி கிண்டியிருந்தார்கள்.
இரண்டு மில்லிமீற்றர் சாய்வுக்காக
ஒருவர் முழங்காலில் நின்று
நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் தலை நிமிரும்வரை
ஏனோ நானும் நின்றேன்.

காலையில் அட்டவணை அப்படியே இருந்தது.
ஐந்தும் ஐந்தாகவே.
ரெகுலா அனுமதித்தது ஒரேயொரு வரி,
மிகச் சிறிய எழுத்தில்:

அடிக்குறிப்பு 3. இறங்கியவற்றுள் ஒரு கதவு.